துடைக்காத கண்ணாடி

காஞ்சிபுரத்தில் மீன் பார்ப்பதென்றால் பொரி வாங்கிக்கொண்டு குளக்கரைக்குப் போவதுதான் வழக்கம். படியில் நின்று ஒரு பிடி வீசினால் தண்ணீர் புரளும், வாய்கள் மட்டும் தெரியும். என்ன மீன், எந்த ஊர் மீன் என்று யாரும் விசாரிப்பதில்லை. போட்டோம், தின்றது, புண்ணியம் என்று கையைத் தட்டிக்கொண்டு சந்நிதிக்குத் திரும்பிவிடுகிறோம். பிள்ளையார்பாளையத்தில் நண்பர் ஒருவரின் தறிக்கூடத்தில் இருக்கும் மீன் இந்தக் கணக்கில் சேராது. பொரிக்கு அது மேலே வராது. கல் பொந்திலிருந்து முகத்தை மட்டும் நீட்டி, ஒரு கண்ணை நம் மேலும் மறு கண்ணை வேறெங்கோவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆமாம், உட்கார்ந்துதான் இருக்கும். நீந்துவதை ஒரு கடைசி வழியாகத்தான் அது வைத்திருக்கிறது.

அந்தத் தறிக்கூடத்தில் முன்பு இரண்டு குழித்தறிகள் இருந்தன. மகன் ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன பிறகு ஒரு தறி கழன்றது, குழியைத் தூர்த்துச் சிமெண்ட் பூசினார்கள். அந்த இடத்தில்தான் இப்போது 200 லிட்டர் கண்ணாடித் தொட்டி. ஓட்டுக் கூரை, மண் சுவர், பாவு காய்ந்துவிடக் கூடாது என்று வெயில் ஏறாமல் கட்டிய அறை. கடல்மீன் தொட்டிக்கு இதைவிட நல்ல அறை இந்த ஊரில் கிடைக்காது. மாமல்லபுரம் கடல் இங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல். நண்பரின் அம்மா கடைசியாக எப்போது கடலைப் பார்த்தார் என்று அவருக்கே நினைவில்லை.

மீனுக்கு வியாபாரப் பெயர் லான்மோவர் பிளெனி. அறிவியலில் சலேரியஸ் ஃபேசியேட்டஸ். அழகன் என்று சொல்ல மனம் வராது. பழுப்பும் பாசிப்பச்சையும் கலந்த உடம்பு, குறுக்கே மங்கலான பட்டைகள், மேலே இறைந்த வெள்ளைப் புள்ளிகள். தடித்த உதடு. கண்ணுக்கு மேலே கிளைவிட்ட சிறு தசை இழைகள். பயந்தால் நிறம் மங்கிக் கல்லோடு கல்லாகிவிடும். முழு வளர்ச்சியில் ஐந்தரை அங்குலம் வரை வரும்.

“கடையில கோபின்னுதாண்ணே சொல்லிக் கொடுத்தாங்க” என்றார் நண்பர்.

“கோபியில்லை தம்பி. கோபின்னா நம்ம உளுவை ஜாதி. முதுகைப் பாருங்க” என்றேன்.

முதுகில்தான் முதல் அடையாளம். உளுவைக்கு முதுகுத் துடுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கும். பிளெனிக்கு ஒன்றே துடுப்பு, பிடரியில் எழுந்து வாலடி வரை ஓடும். சில இனங்களில் நடுவில் ஒரு தணிவு விழும், ஆனாலும் அறுபடாது. அடுத்தது அடிப்பக்கம். உளுவைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒட்டி ஒரு கிண்ணமாகியிருக்கும், அதை வைத்துக் கல்லைக் கவ்விக்கொள்ளும். பிளெனிக்கு அவை இரண்டு மெல்லிய விரல்கள், மார்புத் துடுப்புக்கும் முன்னால் தொண்டைக்குக் கீழே இருப்பவை. அந்த விரல்களையும் வாலையும் ஊன்றித்தான் அது உட்காருகிறது. மூன்றாவது, தோல். உளுவைக்குப் பொதுவாகச் செதில் உண்டு. பிளெனிக்குக் கிடையாது, உடம்பெல்லாம் வழவழப்பான கோழை. வெண்புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்தை அளவு பார்த்து ஊற்ற வேண்டியிருப்பது இதனால்தான்.

பிளெனிக் குடும்பத்தில் சுமார் 400 இனங்கள் இருக்கின்றன. கடையில் பிளெனி என்று விற்பதெல்லாம் அந்த 400-க்குள் வரும் என்று நம்பிவிடக் கூடாது. ஸ்கூட்டர் பிளெனி பிளெனியே அல்ல, டிராகனெட் என்ற வேறு குடும்பம். அது உயிருள்ள நுண்ணிறால் வகைகளைக் கொத்தித் தின்று பழகியது; குருணைத் தீனியை ஏறெடுத்தும் பார்க்காமல் பல மீன்கள் மெலிந்தே சாகின்றன. இன்னொன்றை ஒரு கடையில் இன்ஜினியர் கோபி என்பார்கள், அடுத்த கடையில் கன்விக்ட் பிளெனி என்பார்கள். அது இரண்டும் இல்லை. பெயர்ச் சீட்டை நம்பி வாங்குகிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஐந்து நிமிடம் தொட்டி முன்னால் நின்று, அது நீந்துகிறதா, உட்காருகிறதா, எதைக் கொத்துகிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

உண்மையான பிளெனிகளில் கெட்டிக்காரப் பயல் ஒருவன் இருக்கிறான். பவளத்திட்டுகளில் கிளீனர் ராஸ் என்ற சின்ன மீன், பெரிய மீன்களின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று பிழைக்கிறது. நீல உடம்பில் தலை முதல் வால் வரை ஒரு கருங்கோடு. களவா போன்ற வேட்டை மீன்கூட வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அதன்முன் அசையாமல் நிற்கும். ஆஸ்பிடோண்டஸ் என்ற பிளெனி இதே நீலம், இதே கருங்கோடு, இதே குதியாட்ட நடையோடு வரும். நம்பி நிற்கிற மீனின் துடுப்பில் ஒரு கடி கடித்துவிட்டு ஓடும். மேலிருந்து பார்த்தால் கரைகண்டவருக்கே தடுமாறும். கீழிருந்து பார்க்க வேண்டும். ராஸுக்கு வாய் மூக்கு நுனியில் இருக்கிறது, பிளெனிக்கு முகத்துக்கு அடியில். கடையில் சேலையைப் பிரித்துப் போட்டவுடன் எங்களூர்க்காரர்கள் மேல்பக்கத்தைப் பார்ப்பதில்லை. மடிப்பைப் புரட்டி, உடலும் கரையும் சேரும் இடத்தில் கோர்வை எப்படி விழுந்திருக்கிறது என்று பின்பக்கம்தான் பார்ப்பார்கள். மேல்பக்கம் யாருக்கு வேண்டுமானாலும் பளபளக்கும். மீனைக் கீழிருந்து பாருங்கள் என்றதும் நண்பருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்தப் பிளெனியைத் திருடன் என்று எழுதி எழுதியே பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் தீனியைத் தேடிப் பார்த்தபோது மிகுதியாகக் கண்டது குழாய்ப்புழுக்களும் பிற மீன்கள் கல்லில் ஒட்டிவைத்த முட்டைகளும்தான். துடுப்புக் கடி எப்போதாவது. வேஷம் போட்டதே, கடிப்பதைவிடக் கடிபடாமல் இருக்கத்தானோ என்று அதன்பின் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மெயகாந்தஸ் என்ற இன்னொரு பேரினத்துக்குக் கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பற்கள் உண்டு, அடியில் விஷப்பை. 2017-இல் இந்த விஷத்தைப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. மீன் விஷமென்றால் கொடுக்கான், கல்மீன் குத்திய வலிதான் மீனவர்களுக்கு நினைவு வரும். இது அப்படியல்ல. சோதனை எலிக்கு வலித்ததற்கான அறிகுறியே இல்லை, ரத்த அழுத்தம் மட்டும் சட்டென்று இறங்கியது. விஷத்தில் அபின் வகை வேலை செய்யும் ஒரு பொருளும் இருந்தது. விழுங்க வந்த மீன், உள்ளே போன பிளெனியின் கடியில் தலை சுற்றி, வாயைத் திறந்து வெளியே விட்டுவிடும். பிளெனி காயமில்லாமல் நீந்திப் போகும். நஞ்சே இல்லாத வேறு சில மீன்கள் இதன் நிறத்தைப் பூசிக்கொண்டு பிழைக்கின்றன என்பது உபகதை.

நம் லான்மோவருக்கு இந்தச் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அதற்கு முதலில் பெயர் வைத்தவர் பெர்லினில் இருந்த மருத்துவர் மார்க்குஸ் பிளோக், 1786-இல். கடலோரம் வசித்தவரல்ல. வெளியூர்களிலிருந்து சாராயத்தில் போட்டு அனுப்பப்பட்ட மீன்களை வைத்துக்கொண்டே பெரும் மீன் நூலை எழுதினார். தரங்கம்பாடி மிஷனில் இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் பாதிரியார் அவருக்குச் சோழமண்டலக் கரை மீன்களை அனுப்பிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர். ஜாடியில் நிறம் வெளுத்த மீனைப் பார்த்து எழுதியவருக்கு, அது உட்காரும் என்பதோ கண்ணைத் தனித்தனியாகச் சுழற்றும் என்பதோ எப்படித் தெரிந்திருக்கும்? உயிரோடு பார்க்க நம் ஊரில் இடம் வந்தது 1909-இல். அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் சென்னைக் கடற்கரையில் கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். 1919-இல் அது மீன்வளத் துறையிடம் போனது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழும் பயத்தில் மூடியது, மூடியதுதான். அவர்களுக்குக் கடல் வாசலிலேயே இருந்தது. தறிக்கூடத்தில் வைத்திருப்பவர் கடலைத் தானே செய்துகொள்ள வேண்டும்.

எப்படிச் செய்வது? முதலில் எல்லாருக்கும் தோன்றுவது கல்லுப்பு. மரக்காணத்து உப்பளம் பக்கத்தில்தானே, ஒரு மூட்டை வாங்கிக் கரைத்தால் ஆயிற்று என்று நண்பரும் நினைத்தார். கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, 200 லிட்டருக்கு 7 கிலோ. கணக்குச் சரி, சரக்குத்தான் தவறு. பாத்தியில் கடல்நீர் சுண்டும்போது முதலில் சுண்ணச் சத்து ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. பிறகு சோற்றுப்பு பூக்கிறது. மக்னீசியம் எஞ்சிய கசப்பு நீரில் தங்கிவிட, அந்த நீரை வடித்துவிடுகிறார்கள். நம் வீட்டுக்கு வருவது கடலின் ஒரு பங்கு மட்டும். லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்க வேண்டிய இடத்தில் சொற்பமே இருக்கும். கடலைக் காய்ச்சி உப்பெடுக்கலாம், அந்த உப்பைக் கரைத்துக் கடலெடுக்க முடியாது. தொட்டிக்கென்று தனியாக வரும் கலவை உப்பு வாங்க வேண்டும், அல்லது கோவளம் பக்கம் போய் நல்ல நாளில் கடல்நீரையே பிடித்துவர வேண்டும். நல்ல நாள் என்றது பஞ்சாங்கத்தைப் பார்த்து அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் கலந்து கரையோரக் கடலில் உப்பு இறங்கிக் கிடக்கும், சேறும் அதிகம். மாசி, பங்குனியில் பிடித்துவந்து இருட்டில் வைத்துத் தெளியவிடுவது நல்லது.

அடுத்தது வெயில். தொட்டி நீர் 25, 26 டிகிரியில் நின்றால் நலம். சித்திரையில் காஞ்சிபுரம் 40-ஐத் தொடும்போது, ஓட்டுக் கூரைக்குக் கீழேகூட 31 தாண்டிவிடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். குளிர்விக்கும் பெட்டியின் விலை தொட்டியின் விலையைவிட அதிகம் என்பதால் நண்பர் ஒரு சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் சாய்த்து வைத்திருக்கிறார். நீர் ஆவியாகப் போகையில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். கண்ணாடியில் ஒட்டிய துண்டு டேப் வரைக்கும் தினமும் காலையில் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி மட்டத்தைக் கட்ட வேண்டும். இதை அவருடைய அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறார். துளசிக்கு ஒரு சொம்பு, கடலுக்கு ஒரு சொம்பு என்று அவர் சொல்லும்போது கேலியா பெருமையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மேலே வலை மூடி கட்டாயம். அலை அறையும் கற்களில் வாழும் குடும்பம் இது, தாவத் தெரிந்தது. சில இனங்கள் தண்ணீரை விட்டு வெளியே ஈரப் பாறையில் ஏறி மேயவே செய்யும்.

பிறகு கல். வெளிநாட்டுக் காணொளிகளில் உயிருள்ள பவளமும் பவளக் கல்லும் அடுக்கிக் காட்டுவார்கள். இங்கே அது குற்றம். பாறைப் பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிவிட்டன. சட்டத்துக்குக் காரணம் வீட்டுத் தொட்டிகள் மட்டுமல்ல. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி, 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. ஆகவே சிமெண்டும் கிளிஞ்சல் பொடியும் குழைத்துக் கல் செய்து, அதன் காரம் போகும்வரை வாரக்கணக்கில் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்துத்தான் போட வேண்டும். குழைக்கும்போதே கட்டை விரல் நுழையும் அளவில் பொந்துகள் விட வேண்டும். பிளெனி முதலில் தேடுவது பொந்தைத்தான். வால் முன்னால், தலை பின்னால் என்று பின்பக்கமாகவே நுழையும்.

இவ்வளவும் செய்த பிறகும் தொட்டி மீனுக்குத் தயாரில்லை. கல்லில் பாக்டீரியா குடியேறி, அமோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கப் பழக நான்கைந்து வாரமாவது ஆகும். அதன்பின் கண்ணாடியில் பழுப்பாக ஒரு படலம், பிறகு பச்சை, பிறகு மயிர்ப்பாசி. பார்க்கச் சகிக்காத இந்தக் கட்டத்தில்தான் எல்லாரும் கடைக்கு ஓடி, பாசி தின்னும் மீன் கொடுங்கள் என்கிறார்கள். லான்மோவர் கூலிக்கு அமர்த்தப்படுவது இப்படித்தான்.

அது வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தடித்த உதட்டுக்குள் சீப்புப் பற்கள், ஈறில் தளர்வாக நட்டுவைத்தவை, அசையக் கூடியவை. தலையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, கண்ணாடியில் ‘டொக்’ என்று ஒரு முட்டு. எடுத்தவுடன் அந்த இடத்தில் உதட்டின் அச்சு விழுந்திருக்கும், பச்சைப் படலத்தில் ஒரு வெற்று வட்டம், ஓரமெல்லாம் பற்களின் நுண்கீறல். நாலு விரற்கடை தள்ளி இன்னொன்று. மாலைக்குள் கண்ணாடி முழுக்க முத்தம். அது தின்பதைப் பாசி என்று நாம் சொன்னாலும், ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டில் இந்தப் பேரினத்து மீன்களை ஆராய்ந்தவர்கள் பாசியைவிடப் பாசிக்கு இடையில் தங்கும் மக்கிய பொடியும் வண்டலும்தான் அதன் பிரதான உணவு என்கிறார்கள். அதாவது, நாம் எதை அழுக்கு என்று துடைக்கிறோமோ அதை.

இங்கேதான் வினை. மீன் நன்றாக வேலை செய்தால் இரண்டு மாதத்தில் தொட்டி பளிச்சென்று ஆகிவிடும். எஞ்சியதை உரிமையாளர் காந்தத் தேய்ப்பானால் வழித்துவிடுவார். பார்க்கிறவர்கள் பாராட்டுவார்கள். மீனுக்குச் சோறில்லை. மேலிருந்தோ பக்கவாட்டிலோ பார்த்தால் தெரியாது. அது கண்ணாடியில் வயிற்றை ஒட்டி நிற்கும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். வயிறு உப்பி இருக்க வேண்டும். உள்வாங்கி, மார்புக்குக் கீழே குழி விழுந்திருந்தால் பட்டினி முற்றிவிட்டது. இது இந்தியாவில் மட்டும் நடப்பதல்ல, லான்மோவர் வளர்க்கிற எல்லா ஊர்களிலும் இப்படித்தான் சாகிறது. செய்த வேலையே உயிருக்கு உலை. நெசவுத் தெருவில் இருக்கும் எனக்கு இதை எழுதும்போது வேறு நினைவுகள் வராமலில்லை, ஆனால் மீனை அந்தப் பாரத்தைச் சுமக்கச் சொல்ல வேண்டாம்.

வளர்ப்பு என்ற சொல்லோடு நம் மனதில் சுத்தம் ஒட்டிக்கொண்டே வருகிறது. குளிப்பாட்டு, துடை, பளிச்சென்று வை. வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் 1979-க்குப் பிறகு 2019-இல் வெளியே வந்து 48 நாள் தரிசனம் கொடுத்தார். இடையே 40 வருடம் அவர் இருந்தது பன்னீரில் அல்ல, அனந்தசரஸின் பச்சைத் தண்ணீருக்கு அடியில். அதில் யாரும் குறை காணவில்லை. கண்ணாடித் தொட்டிக்கு வந்ததும்தான் நமக்குத் தெளிவு வேண்டியிருக்கிறது. நண்பர் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு. முன்கண்ணாடி மட்டும் துடைப்பது, பக்கமும் பின்னும் தொடுவதில்லை. பின்னால் பச்சை தடித்துத் தொங்குகிறது. ஒரு கல்லை வெளியே தொட்டியில் வெயிலில் போட்டுப் பாசி பிடிக்கவிட்டு, உள்ளே இருப்பதோடு மாற்றி மாற்றி வைக்கிறார். குறைக்கு உலர்ந்த கடற்பாசித் தாளும், ஸ்பைருலினா கலந்த தீனியும். நவராத்திரிக்கு வந்த உறவுக்காரப் பெண்கள் தொட்டியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்களாம்.

“கழுவவே மாட்டீங்களா அத்தேன்னு கேட்டாங்க. கழுவினா செத்துடும்னேன். ஒருத்தியும் நம்பல” என்றார் அம்மா.

ஒரு தொட்டிக்கு ஒரு லான்மோவர் போதும். இன்னொன்றை விட்டால், பலமுள்ளது மற்றதைப் பொந்திலிருந்து பொந்துக்கு விரட்டிக்கொண்டே இருக்கும். அதை வாங்கலாமா என்று கேட்டால் எனக்குத் தயக்கம் உண்டு. கோமாளி மீனை மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துவிட்டார்கள். கடையில் இருக்கும் லான்மோவரோ ஏறக்குறைய எப்போதும் கடலில் பிடித்தது, பிளாஸ்டிக் பையில் நாள்கணக்கில் பட்டினியாக வந்தது. பட்டினியாக வந்ததைப் பளிச்சென்ற தொட்டியில் விடுவதற்கு வாங்காமலே இருக்கலாம். ஆறு மாதமாவது பாசி பிடித்துக் கிடந்த தொட்டியுள்ளவர் வாங்கினால் எனக்கு மறுப்பில்லை.

பிளெனிக் குடும்பத்தில் யாரும் வாங்காமல், யாரும் வளர்க்காமல் கடல் கடந்த மீன் ஒன்றும் உண்டு. ஓமோபிராங்கஸ் பங்டேட்டஸ், சுண்டு விரல் நீளம், நம் கரையோரக் கழிமுகங்களிலும் சிப்பிப் படுகைகளிலும் வாழ்வது. வெற்றுச் சிப்பிக்குள்ளும் கொட்டலசு ஓட்டுக்குள்ளும் முட்டையிட்டு ஆண் மீன் காவல் இருக்கும். இந்தியப் பெருங்கடலின் இந்த மீன், அட்லாண்டிக் பக்கம் டிரினிடாட் தீவின் கரையில் கிடைத்தது. 1975-இல் இந்தப் பேரினத்தை முழுமையாக ஆராய்ந்து எழுதிய ஸ்பிரிங்கரும் கோமனும் அதற்கு ஒரு விளக்கம் ஊகித்தார்கள். 1845 முதல் 1917 வரை 1,40,000-க்கும் மேற்பட்டவர்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக இந்தியாவிலிருந்து டிரினிடாடுக்குக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலும் கல்கத்தா வழியாக, ஒரு பகுதி சென்னைத் துறைமுகத்திலிருந்து. மேல்தளத்தில் ஆட்களை எண்ணிப் பெயர் எழுதிக்கொண்டவர்கள், கப்பலடியில் கொட்டலசும் சிப்பியும் பாசியும் அப்பிக்கிடந்ததைச் சுரண்டாமல் விட்டிருக்கிறார்கள். அந்த ஓடுகளுக்குள் இருந்து இந்தப் பிளெனியும் போய் இறங்கியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. இப்போது அது வெனிசுவேலாவிலும் பனாமாவிலும் பிரேசிலிலும் இருக்கிறது, துறைமுகத் தூண்களில், சிப்பி ஓடுகளுக்குள்.